வாசற்படிக்கு மேலாக

முதலில் வலது பூட்ஸ். பிறகு இடது. இரண்டும் வெளியே பனியில் பதிந்துவிட்டனவா என்று குனிந்து ஒரு பார்வை. அதற்கப்புறம்தான் தெரெந்தி கார்பொவிச் கம்பளிக் கோட்டின் உள்பையில் கையை விட்டு, வண்டிக் காகிதத்தை எடுத்து அமெரிக்கரிடம் நீட்டுவார். மைனஸ் முப்பது டிகிரி உறைபனியிலும் இப்படித்தான். நாலு வண்டி போனால் நாலு தடவை.

அவர் எங்கள் ராக்கெட் தொழிற்சாலையின் ரயில் வாசலைக் காக்கிறவர். அந்த வாசல்வரை வண்டிகளைத் தள்ளிவரும் இஞ்சினை ஓட்டுகிறவன் நான். ஒன்றரை வருஷமாக இஞ்சின் ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பத்தெட்டாம் வருஷக் கோடையில் அமெரிக்கர்கள் வந்து சேர்ந்தார்கள். நடுத்தூர ராக்கெட்டுகளை இனி இரண்டு நாடும் செய்வதில்லை, இருப்பதையும் அழித்துவிடுவது என்று ஒப்பந்தம். மற்ற ராக்கெட்டுகளோடு சேர்த்து நாங்கள் அதையும் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை என்று பார்க்க முப்பது பேர் மதிலுக்கு வெளியே வீடு போட்டுக் குடியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களும் அவர்கள் ஊரில் ஏதோ ஒரு வாசலில் இதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டி கிளம்ப அரைமணிக்கு முன்னால், உள்ளே இருப்பது என்ன, நீளம் எவ்வளவு என்ற காகிதம் அவர்கள் கைக்குப் போக வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் எழுதுவார்கள். எழுதியது இரண்டு தலைநகருக்கும் போகும். அங்கே சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வாசற்படிக்கு மேலாக யாரும் எதையும் கொடுப்பதில்லை, கை குலுக்குவதுமில்லை. மீறினால் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் சண்டை வரும் என்பார்கள். மற்ற நாங்களெல்லாம் இதைப் பாதிச் சிரிப்போடு கடைப்பிடிப்போம். கார்பொவிச் சிரிப்பதில்லை. பக்கத்து வீட்டு மத்வேய்க்கு ஒருமுறை அவசரத்தில் படிக்கு மேலாக உப்புக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டாராம். பதினாலு வருஷம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"உப்பாலயா? நீங்க அவன் நாயை உதைச்சதாலன்னு ஊரே சொல்லுது" என்றேன்.

"நாய் அப்புறம்டா வந்துச்சு. உப்புதான் முதல்ல."

சதுர உடம்பு. மீசையில் எப்போதும் சூரியகாந்தி விதைத் தோல் ஒன்று ஒட்டியிருக்கும். பேசிக்கொண்டே இருமுவார், இருமிக்கொண்டே பேசுவார். ராக்கெட் குழாயின் உட்சுவருக்கு ரப்பர் ஒட்டும் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்ததில் நுரையீரல் போய்விட்டது. வீட்டில் உட்காரச் சொன்னார்கள். மாட்டேன், அந்த வாசலைக் கொடுங்கள் என்று மூன்று மாதம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி வாங்கினார். இரட்டைச் சம்பளமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வெளியே போகும் ஒவ்வொரு வண்டியையும் தன் கண்ணால் பார்த்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் காகிதம் வாங்குகிறவர் பெயர் ஹார்லன். எங்கள் நாக்குக்கு அது வராது, கார்லன் ஆகிவிட்டார். மக்காச்சோளம் விளைகிற ஊர்க்காரர், நெட்டை, எங்கள் மொழியைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி பேசுவார். முதல் நாள் படிக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டியிருக்கிறார். "கொஞ்சம் பொறுங்க கார்லன், அவசரப்பட்டா ரெண்டு பேருக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டு இவர் வெளியே இறங்கினார். அன்றிலிருந்து அந்த மனிதர் இரண்டடி பின்னால் நகர்ந்து இடம் விட்டுக் காத்திருக்கிறார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நான்தான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "ஒரு காகிதத்துக்கு இத்தனை சடங்கா கார்பொவிச்?"

"டேய் ஸ்த்யோப்கா, நீயும் உன் பொண்டாட்டியும் சண்டை போட்டா ரெண்டு தட்டு உடையும். இந்த ரெண்டு நாடும் போட்டா வாயாலயா போடும்? அந்தக் குழாய்க்குள்ள படுத்துக்கிட்டு ரப்பர் ஒட்டுனவன் நான். எவ்வளவு பெரிசுன்னு என் முதுகுக்குத் தெரியும்."



போன வாரம் புது மேஜர் ஒருவர் வந்தார், பெயர் ஸொத்தொவ். இளம் வயது, சுத்தமான பூட்ஸ். வந்த மூன்றாம் நாள் சுவரில் உத்தரவு ஒட்டினார். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊழியர் எவரும் வாசற்படியைத் தாண்டி வெளியே கால் வைக்கக் கூடாது. மீறினால் வேலை நீக்கம்.

திங்கட்கிழமை காலை. வண்டி வாசலுக்குள் நிற்கிறது; நான் இஞ்சினிலிருந்து இறங்கித் தேநீரோடு பக்கத்தில் நிற்கிறேன். ஒன்பதரைக்குள் காகிதம் போய்ச் சேர வேண்டும். கார்பொவிச் ரயில் கதவை ஒட்டி ஆள் போகும் பக்கவாசல் கதவைத் திறந்து வலது காலைத் தூக்கினார். மேஜர் குறுக்கே கையை நீட்டினார்.

"இங்க நின்னுக்கிட்டே குடுங்க."

"படிக்கு மேல குடுக்க முடியாது தோழர் மேஜர்."

"ஏன் முடியாது?"

"சண்டை வரும்."

மேஜர் என்னைப் பார்த்தார். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

"ஒரு நாளைக்கு நாலு தடவை பாஸ் இல்லாம வெளிய போறீங்க. உங்களுக்குத் தொழிற்சாலை ரகசியம் தெரியும். இன்னொரு தடவை கால் வெளிய போச்சுன்னா, நாளையிலேர்ந்து இந்த வாசல்ல வேற ஆள் நிப்பான். காகிதத்தை இப்படிக் குடுங்க, நானே குடுக்கிறேன்."

"நீங்க குடுத்தாலும் படி படிதானே." கார்பொவிச் காகிதத்தைக் கோட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

ஒன்பது இருபத்தொன்று. வெளியே கார்லன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குறிப்பேட்டை எடுத்தார், எழுதாமல் வைத்துக்கொண்டார். என்ன பிரச்சினை என்று அவருக்கு அரைகுறையாகப் புரிந்திருக்க வேண்டும். நானே உள்ளே வருகிறேன் என்பதுபோல் ஒரு காலை எடுத்துவிட்டார்.

"நில்லுங்க!" கார்பொவிச் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த தேநீர் கொட்டிவிட்டது. "கால வைக்காதீங்க கார்லன்! நீங்க உள்ள வந்தீங்கன்னா அது இதைவிடப் பெரிய வழக்கு."

தூக்கிய கால் அப்படியே நின்றது, மெல்லப் பின்னால் போனது. இருமல் வந்து கார்பொவிச்சை மடக்கியது. நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஸ்த்யோப்கா, ஐஸ் உடைக்கிற கடப்பாரைய எடுத்துட்டு வா."

மேஜரின் மண்டையை உடைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நினைத்தும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் மண்டியிட்டு, படியாகக் கிடந்த ஓக் பலகையின் அடியில் முனையைக் கொடுத்து நெம்பினார். உறைந்து கல்லாகிக் கிடந்தது. மூன்றாம் தடவை ஒரு மூலை கிளம்பியது.

"என்ன பண்றீங்க? அரசாங்கச் சொத்து!"

"இதுல ஆணி அடிச்சது நான். எழுதிக்குங்க."

"எல்லை எதுன்னு அப்புறம் எப்படித் தெரியும்?"

"அவரு நிக்கிறது வெளிய, நான் நிக்கிறது உள்ள. உங்க உத்தரவை மீறல. பாருங்க தோழர் மேஜர், ரெண்டு காலும் உள்ளதான்."

ஆணிகள் கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தன. பலகையை இழுத்துச் சுவரோரம் சாய்த்தார். அது கிடந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு மண், உள்பனியையும் வெளிப்பனியையும் தொட்டுக்கொண்டு. மேஜர் சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்பது இருபத்தெட்டு.

கார்லன் முன்னால் வந்து மண்ணுக்கு அந்தப் பக்கம் நின்றார். எழ முடியாமல் கார்பொவிச் இடது கையால் கடப்பாரையை ஊன்றி எழுந்தார். அதைக் கீழே போட்டால் விழுந்துவிடுவார் போலிருந்தது. வலது கை உறையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினார். பிறகு அந்த வெறுங்கையால் உள்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார்.