பதினான்காம் எண் வீட்டின் பதில்

காலை ஏழு பத்து. பெக்கோக் அருகே ஒரு தோட்டத்தில், பதினான்காம் எண் வீட்டின் கூரையைப் பிளந்து செம்பனை ஓலை நீட்டிக்கொண்டிருந்தது.

நான் கூலாய் நகரில் தோசை மாவு விற்கிறேன். பெக்கோக்கில் கிளை திறக்கலாமா என்று அறிய, ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தை அமர்த்தினேன். அவர்களின் பழைய அறிக்கைகளின் அழகைப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன். வீடு வீடாகப் போய்க் கேட்பது யார் என்று விசாரிக்கவில்லை. அன்று பத்து மணிக்குக் கடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன், அறிக்கையில் விரிவாகப் பேசியிருந்த பதினான்காம் எண் வீட்டு லெட்சுமியைப் பார்த்துவிட வந்தேன்.

புல் வெட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார்.

"லெட்சுமி அக்காவா? அலமாக்! அவங்க செத்து நாலு வருசமாச்சுண்ணே. இந்த லயத்து வீடுங்கள்ல இப்ப பாம்புதான் இருக்கு. அதுக்கா மாவு விக்கப் போறீங்க?"

போன மாதப் பேட்டி என்றிருந்ததை வாசித்துக் காட்டினேன்: "கால் வலி. வாசலுக்கே கொண்டுவந்தா வாங்குவேன். புளிப்பு கம்மியா இருக்கணும்."

அவர் சிரிப்பு நின்றது. "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

நான் கையெழுத்திடவில்லை. இப்போதெல்லாம், பேட்டி எடுப்பவருடன் ஒரு நாள் நானும் நடந்த பிறகே நிறுவனத்தை முடிவு செய்கிறேன்.

அந்தப் பேட்டியின் ஒலிப்பதிவை அனுப்பும்படி அன்றே நிறுவனத்திடம் கேட்டிருந்தேன். மறுநாள் அனுப்பினார்கள். அதில் ஒரு வயதான பெண்ணின் குரல் இருக்கிறது.