என் பெயரில் அவள் சளி

காசநோய் ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் பீங்கான் கம்பெனிக்கு வந்த அன்று, அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன் நான்தான். வேதியியல் படித்தவன் என்பதால், தொழிலாளர்களிடம் விஷயத்தை விளக்கும் பொறுப்பை முதலாளி என்னிடம் விட்டிருந்தார். நன்றாகவே விளக்கினேன். இந்த நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது எப்படி, பரவாமல் தடுப்பது எப்படி என்று பல நாடுகளில் ஒரே சமயத்தில் ஆய்வு நடக்கிறது. மண்தூசியில் வேலை செய்கிற நம்மையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். தூசி படிந்த நுரையீரலில் இந்தக் கிருமி சுலபமாக இடம் பிடிக்கும். வெட்கப்படாமல் சளி கொடுங்கள் என்றேன். எல்லாரும் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனியின் கிளேசிங் அறைக்கு, அதாவது சாமான்களுக்குப் பளபளப்புப் பூச்சு கொடுக்கும் அறைக்கு, நான் முப்பது வருஷத்துக்கு மேல் சூப்பர்வைசர். ஃபியூஸ் கட்டை, டீக் கோப்பை, சீசனுக்குப் பொம்மை. அச்சிலிருந்து எடுத்த பச்சைச் சாமான் மெதுவாகக் காய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காற்று பட்டால் அந்தப் பக்கம் முந்திக் காய்ந்து விரிசல் விடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சூளைக்குள் போன பிறகுதான் வாயைப் பிளக்கும். அதனால் எங்கள் அறையின் ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. இடுக்குகளில் சாக்கு செருகியிருப்போம். அந்த அறையில் நானும் ஆறு பெண்களும் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருப்போம்.

அங்கே இருமினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தூசி இருமல் என்று சொல்வோம். சாயங்காலம் கை கழுவியதும் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்போம். வெல்லம் தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. நானும் அதைத்தான் சொல்லி வந்தேன், படித்தவனாக இருந்தும். என் இருமலுக்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தேன். ஆனால் சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இப்போது எழுதினால் அது இன்னொரு பொய்.

அந்தச் சமயத்தில் என் மகள் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. எனக்கு டிபி என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டார் அன்றைக்கே கார் எடுத்துக்கொண்டு வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போய்விடுவார்கள். அதோடு விடுவார்களா என்றும் தெரியவில்லை. வீட்டில் நான் மொட்டை மாடி அறைக்கு மாறிக்கொண்டேன். கேட்டதற்கு, புழுக்கம் என்றேன். பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வேன். "தூசி ஒட்டியிருக்கும்மா, குழந்தைக்கு ஆகாது" என்று மகளிடம் சொல்வேன். ஒரு தடவைகூட அவனைத் தூக்கவில்லை.

கம்பெனியில் அந்தக் கைக்குட்டை என் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஆய்வுக் குழுவில் வந்த டாக்டர் முப்பது வயதைத் தாண்டாத பெண். என் எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்றார். இத்தனை வருஷத் தூசி என்றேன். "இருக்கலாம் ஐயா. தூசியா கிருமியான்னு சளிதான் சொல்லும்" என்று எண் ஒட்டிய டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார். மறுநாள் காலை எழுந்ததும் வருகிற முதல் சளியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். போகும்போது எங்கள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு ஜன்னலாவது தினம் கொஞ்ச நேரம் திறந்து வையுங்களேன்" என்றார். பச்சைச் சாமான் விரிசல் விடும் என்று சொல்லி, உடைந்த துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினேன். சாமான் காயவைக்கும் ராக்குகளை வேறு அறைக்கு மாற்றியிருக்க முடியும். பக்கத்தில் கிடங்கு காலியாகத்தான் கிடந்தது.

மறுநாள் காலை காலி டப்பாவோடு கம்பெனிக்குப் போனேன். கூட்டிப் பெருக்குவதற்காக முதலில் வருகிற பெண் ஒருத்தி இருந்தாள். கிளேசிங்கில் என் மேஜைக்கு நேரெதிரே உட்கார்ந்து கோப்பைகளை முக்கி எடுப்பவள். அவள் புருஷன் அதே தொழிற்பேட்டையில் லோடு ஏற்றுகிறவர். எட்டு வயதில் ஒரு மகள். அன்றைக்கு அவளுக்கு ஜலதோஷம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெருக்கினாள்.

"ஏம்மா, இன்னொரு டப்பாவுல துப்பிக் குடேன்" என்றேன்.

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான். வறட்டு இருமல். வரவே மாட்டேங்குது."

அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "ஐயய்யே! இத்தினி நாளு கையெழுத்துதான் வாங்குனீங்க. இப்ப எச்சியும் வாங்குறீங்களே சார்."

"எச்சி வேணாம். நெஞ்சுலேர்ந்து காறித் துப்பு."

"துப்பறேன், துப்பறேன். எங்க வூட்டுக்காரரு கேட்டா, ஓசியிலயா குடுத்தேன்னு திட்டப்போறாரு."

சுவருக்குப் பின்னால் போய் இருமித் துப்பிவிட்டு வந்தாள். மூடியை முந்தானையால் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "இந்தாங்க, சூப்பர்வைசர் சளி. சிந்தாம எடுத்துட்டுப் போங்க."

அவள் டப்பாவிலும் கிருமி இல்லை, என் டப்பாவிலும் இல்லை. ஆய்வுப் பதிவேட்டில் நான் நோயற்றவன் ஆனேன். மூன்று மாதம் கழித்து மகளும் பிள்ளையும் மேளதாளம் இல்லாத குறையாகப் புறப்பட்டுப் போனார்கள். அதற்குப் பிறகாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போனால் டப்பா விஷயம் வெளியே வருமே என்று பயந்தேன். அடுத்த ஒரு வருஷம் அதே அறையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அவள் இரும ஆரம்பித்தாள். அவள் மறைக்கவில்லை. தானே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், டிபி என்று சீட்டு வாங்கி வந்து என்னிடம் காட்டினாள். ஆறு மாதம் மாத்திரை, குணமாகிவிடும் என்று சொன்னார்களாம். மறுநாள் அறையில் மற்றவர்கள் அவளோடு உட்கார மாட்டோம் என்றார்கள். "எங்கேருந்து புடிச்சினு வந்தாளோ, எங்க தலையில கட்டிட்டா" என்று ஒருத்தி கத்தினாள். முதலாளி என்னைப் பார்த்தார். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் மற்றவருக்குத் தொற்றாது என்று எனக்குத் தெரியும். வெளியே போகச் சொல்லி அவளிடம் பேசியவன் நான்.

வீட்டிலும் அதேதான் நடந்தது. மகளுக்கு ஒட்டிவிடும் என்று பயந்து, புருஷன் அவளை நல்லூர் பக்கம் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார். சரியானதும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாராம். அங்கே மாத்திரை கொடுக்க ஆள் வந்தால் தெருவே வேடிக்கை பார்த்தது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். நோய் போய்விட்டது என்று சொன்னால் புருஷன் வந்து கூப்பிடுவார் என்று நினைத்திருக்கிறாள். அவர் வரவில்லை. நோய் திரும்பி வந்தது.

இதையெல்லாம் கம்பெனியில் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, வாஷ்பேசினில் ரத்தமாகத் துப்பினேன். இனி மறைக்க முடியாது. மாத்திரை ஆரம்பித்தார்கள். வேலையை விட்டு நின்றேன். முதலாளி பழக்கூடையோடு என்னை வந்து பார்த்தார். "அந்தப் பொம்பளையால உங்களுக்கும் வந்துடுச்சே சார்" என்றார். நான் தலையாட்டினேன். மகள் போனில் அழுதாள். பேரனைச் சோதித்தார்கள். அவனுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த டாக்டர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள். நோய் உறுதியானவர்களின் கிருமியை வளர்த்து, அதன் மரபணுவை எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறார்களாம். இரண்டு பேருடைய கிருமி அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். எந்த மாதிரி அறையில், எத்தனை நாளில் பரவுகிறது என்று இதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். தாளில் பெயர்கள் இல்லை. வட்டங்களும் எண்களும்தான். ஒரு வட்டத்தைத் தொட்டு, "இது நீங்க" என்றார். இன்னொரு வட்டத்திலிருந்து அதற்கு ஒரு அம்புக்குறி வந்து முட்டியது. அது யார் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் அப்போது வேறு நோயாளி கிடையாது.

"அம்பு இந்தப் பக்கம்தான்னு எப்படித் தெரியும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"திசையைக் கிருமி சொல்லாது ஐயா. தேதிதான் சொல்லும். அவங்களுக்கு முதல்ல கண்டுபிடிச்சோம். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி உங்க சளியில ஒண்ணுமே இல்லையே."

நான் அந்த அம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைத் திருப்பிப் போட எனக்கு ஒரு வாக்கியம் போதும். அது தெரிந்தால் புருஷன் அவளைக் கூப்பிட்டுக்கொள்வார், அவளும் மாத்திரையைத் தொடர்வாள் என்று அந்த நிமிஷமே எனக்குத் தோன்றியது.

"அப்படித்தான் எல்லாரும் பேசிக்கிறாங்க" என்றேன்.

அன்றைக்கு அவள் உயிரோடு இருந்தாள்.

தை மாதத்தில் இறந்துபோனாள். கம்பெனி வாட்ச்மேன் டீக்கடையில் சொன்னான். சாவுக்கு நான் போகவில்லை. என் ஆறு மாதக் கெடு முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று சீட்டு கொடுத்தார்கள். இந்தத் தடவை அது என்னுடைய சளி. அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்தவன், திரும்பிப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

அவர் முழுக்கக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்த அறையில வேலை பார்த்த மத்தவங்களை உடனே திரும்பப் பார்க்கணும். உங்ககிட்ட கிருமி இல்லைன்னு நினைச்சு அவங்களுக்குத் தடுப்பு மாத்திரையே ஆரம்பிக்காம விட்டுட்டோம். அப்ப ஆரம்பிச்சிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு நான் சொன்னதை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். அம்புக்குறியை மாற்றிவிடுவீர்களா என்று கேட்டேன். "மாத்துவோம் ஐயா. அது தாள்ல மாறும்" என்றார்.

மறுநாள் தொழிற்பேட்டையில் அவள் புருஷனைத் தேடிப் போனேன். லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். உன் மனைவி எனக்குக் கொடுக்கவில்லை, நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். டப்பாவைப் பற்றியும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கி வூட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. சாருக்கும் சேத்து நாந்தான் துப்புனேன்னு. நானும் சிரிச்சேன். அதுக்கு இதான் அர்த்தம்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்? நான் என்னா படிச்சவனா?"

எடுத்த துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவ தட்ட நாந்தான் தனியா வெச்சேன். பொண்ண அவகிட்ட வுடல. போன் பண்ணா எடுக்கமாட்டேன். அவ தப்பு, அனுபவிக்கிறான்னு நெனச்சுக்கினு இருந்துட்டேன். இத்த வந்து இப்ப சொல்றீங்களே. நான் எப்பிடி சார் தூங்கறது?"

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கிட்ட வேணாம். அவங்க அம்மாகிட்ட வந்து சொல்லுங்க. தெருவுல நின்னு சொல்லுங்க" என்று தன் பைக்கை எடுத்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். நல்லூர் தாண்டி ஒரு தெருவில் வண்டியை நிறுத்தினார்.

அந்த அம்மா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டார் காதில் விழும்படி சொன்னேன். நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். "பெரிய மனுசன் மாதிரி இருந்துக்குனு" என்று ஒருவர் காறித் துப்பினார். அந்த அம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"வேலைக்கு வராதன்னு சொன்னீங்களே, அன்னிக்கி எம் பொண்ணு ஒங்ககிட்ட என்னா சொன்னா?"

இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. அவள் புருஷனிடமும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம் என்று அங்கேயும் ஒரு கணம் தோன்றியது.

"சொன்னா" என்றேன். "'பரவால்ல சார், நான் போறேன். நீங்களும் ஒருவாட்டி நல்லா பாத்துக்குங்க, ஒங்க இருமலு எனக்கு முன்னாடிலேர்ந்தே இருக்குது'ன்னு சொன்னா."

அந்த அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. கூடியிருந்தவர்கள் கலையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் புருஷன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். என்னை ஏறச் சொல்லவில்லை. பஸ் நிற்கும் இடம் எது என்று அந்தத் தெருவில் யாரிடமும் கேட்க முடியாமல், வந்த வழியைப் பார்த்து நடந்தேன்.