அங்கே நம்ம ஆள் யாரு?

மதுரையில் ஒரு பெண்பிள்ளையை வெளியூருக்குப் படிக்க அனுப்பப்போவதாகச் சொன்னால், என்ன படிப்பு என்று கேட்பவர் குறைவு. "அங்க நம்ம ஆளு யாரு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கோயம்புத்தூர் என்றாலும் இதே கேள்விதான், அமெரிக்கா என்றாலும் இதே கேள்விதான். விடுதியில் வார்டன் இருக்கிறார், வாசலில் காவல்காரர் இருக்கிறார் என்றெல்லாம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர்களெல்லாம் நம்ம ஆள் ஆகிவிட முடியுமா? ஒன்றுவிட்ட அத்தை மகனுக்குப் பெண் கொடுத்த வீடு ஒன்று அந்த ஊரில் இருந்துவிட்டால் போதும், பெட்டி கட்டிவிடலாம்.

பழங்காநத்தத்துத் தேவிகாவின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது இந்தக் கேள்விதான்.

அவள் அப்பா சௌரிராஜன் சாயப்பவுடர் கடை ஒன்றில் மேலாளர். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் மொழி, வாசல் தாண்டினால் மதுரைத் தமிழ். தொண்ணூற்றாறில் பிளஸ் டூ முடித்த தேவிகாவுக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்று முழு உதவித்தொகையோடு இடம் கொடுத்தது. நூலகத்தில் கிடைத்த முகவரிக்கு அவளாகவே எழுதி, சென்னைக்கு ரயிலேறிப் போய்ப் பரீட்சை எழுதி, அவளாகவே வாங்கிய இடம். மிச்சம் இருந்தது விசா ஒன்றுதான்.

அதற்கு அவளைத் தயார் செய்யும் பொறுப்பை சௌரிராஜன் எடுத்துக்கொண்டார். விசா கொடுக்கும் அதிகாரியும் பிள்ளை குட்டி பெற்றவராகத்தான் இருப்பார், வயசுப் பெண்ணைத் தனியாகக் கடல் தாண்டி அனுப்ப அவருக்கும் மனம் துணியாது, ஆகவே முதலில் அவர் பயத்தைப் போக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சௌரிராஜனின் தம்பி கோகுல்நாத் அமெரிக்காவில் இருந்தார். "சித்தப்பா பேரைச் சொல்லு. அவர் பாத்துக்குவார்னு தைரியமாச் சொல்லு" என்று ரயில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

தேவிகாவும் சொன்னாள். அங்கே உறவினர் யாரும் உண்டா என்று அதிகாரி கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. என் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி இருக்கிறார், என்னை மகளாகவே பார்த்துக்கொள்வார், படிப்பு முடிந்த பிறகும் எனக்கு எல்லாவற்றையும் அவரே செய்வார் என்று மனப்பாடமாக ஒப்பித்தாள். போனால் திரும்பி வரமாட்டாள் என்று சந்தேகப்படுவதே வேலையாகக் கொண்ட மனிதரிடம், இதைவிட மோசமான பதிலை எதிரியால்கூட எழுதிக் கொடுத்திருக்க முடியாது. பாஸ்போர்ட் ஜன்னல் வழியே திரும்பி வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை.

இதில் பழி யார் மேல் என்ற கேள்வி வந்தபோது, சௌரிராஜன் அதைத் தன் தோளில் ஒரு நாள்கூடச் சுமக்கவில்லை. "என் தம்பி பேரைச் சொன்னோம், காரியம் கெட்டுப்போச்சு. அங்க என்ன தில்லுமுல்லு பண்ணி வச்சிருக்கானோ" என்று கல்யாண வீடு, காதுகுத்து வீடு எல்லாவற்றிலும் சொன்னார். கெட்ட பேச்சுக்கு விசா தேவையில்லை. அது அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. கோகுல்நாத் அண்ணனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

தேவிகா உள்ளூர்க் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தாள். தன்னைப் போல ஜன்னலில் நின்றவர்களை விசாரித்து, தன் பதில்தான் தன்னைக் கெடுத்தது என்று தெரிந்துகொண்டு அப்பாவிடம் சொன்னாள். "ஆமாமா, இருக்கும்" என்றார். அடுத்த விசேஷ வீட்டில் மறுபடியும் தம்பியைத்தான் திட்டினார்.

படிப்பு முடிந்து பழங்காநத்தத்திலேயே ஒரு மாடியறையில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு தொடங்கினாள். அமெரிக்கா போக ஆசைப்பட்ட பிள்ளைகள் எப்படியோ அவளைத் தேடி வந்தார்கள். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று தெருவில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் தங்கள் பிள்ளை பிளஸ் டூ வந்ததும் மாடியேறினார்கள்.

அவள் சொல்லும் யோசனைகள் பெற்றோருக்குப் பிடிக்காது. தலைமையாசிரியரிடம் சான்று வாங்காதே, அவர் 'ஒழுக்கம் நன்று' என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார், உன்னைத் திட்டிய வாத்தியார் யாரோ அவரிடம் போ, அவருக்குத்தான் உன்னைத் தெரியும் என்பாள். சிறுவயது முதலே நாட்டுக்குச் சேவை செய்ய ஆசை என்று கட்டுரை எழுதி வந்தால், படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். "நேத்து என்ன செஞ்ச? அத எழுது" என்பாள். எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு யோசனை வைத்திருந்தாள். விசா ஜன்னலில் சொந்தக்காரர் பேச்சை நீயாக எடுக்காதே, இல்லையென்றால் இல்லை என்று பளிச்சென்று சொல்.

இரண்டாயிரத்து மூன்றில் வந்தவள் முனீஸ்வரி. வாடிப்பட்டிப் பக்கம் நெல்லும் தென்னையுமாக விவசாயம் செய்யும் வெள்ளைத்துரையின் ஒரே மகள். அவளும் நாட்டுச் சேவையில்தான் ஆரம்பித்தாள். பிறகு, வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பெரியப்பா வீட்டோடு பேச்சுவார்த்தையே இல்லாத நாலு வருஷமும், பெரியப்பா மகளோடு ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் பள்ளிக்குப் போய் வந்ததை எழுதினாள். இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் இரண்டு பேரும் சோற்றை மாற்றிக்கொண்டு தின்றதையும் எழுதினாள். தேவிகா அதில் ஒரு சொல்லையும் தொடவில்லை. உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. தேவிகாவிடம் வந்த பிள்ளைகளில் முழு உதவித்தொகை வாங்கிய முதல் பெண் அவள்தான்.

அதனால் விசாவுக்குத் தேவிகா விழுந்து விழுந்து பாடம் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்கே போவாள். கூடத்தில் நாற்காலி போட்டு அவள்தான் அதிகாரி.

"அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் அதட்டுவாள்.

"யாரும் இல்லை சார். நான் மட்டும்தான்" என்பாள் முனீஸ்வரி.

"இன்னும் சத்தமா."

"யாருமே இல்லை சார்."

வெள்ளைத்துரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்து கேட்பார். "பாப்பா என்ன சொல்லுது?" என்பார். மகள் தமிழில் சொல்வாள். முதல் வாரம் சிரித்தபடி தலையாட்டினார். பிறகு சிரிப்பு இல்லாமல் ஆட்டினார். கடைசி வாரங்களில் அர்த்தம் கேட்பதையே விட்டுவிட்டார். தேவிகாவின் கண்ணெல்லாம் முனீஸ்வரியின் உச்சரிப்பில் இருந்தது. அவரை அவள் கவனிக்கவில்லை.

விசா கிடைத்தது. நாலு கேள்வி, சிரித்த முகத்தோடு அனுப்பி வைத்தார்களாம். அன்று தேவிகா வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தாள். தனக்கே கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது.

அடுத்த வாரம் வெள்ளைத்துரை ஒரு பை நிறையத் தேங்காயோடு மாடியேறி வந்தார். பையை மூலையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"டீச்சர், கோவிச்சுக்கிறாதீங்க. பாப்பாவ நான் அனுப்பல."

"ஏண்ணே? விசாவே வந்திருச்சே."

"நீங்களும் பாப்பாவும் பேசுனத நானுந்தான கேட்டுக்கிட்டிருந்தேன். யாருமில்ல, யாருமில்லன்னு அம்புட்டு வாட்டி சொல்லுச்சு. இங்கிலீசுதானன்னு மொதல்ல இருந்துட்டேன். இப்ப வயல்ல நின்னாலும் அதுதான் காதுல கேக்குது. யாருமே இல்லாத ஊர்ல பிள்ளைக்கு ஒரு காச்சல் வந்தா என்ன செய்யும்?"

"காலேஜுக்குள்ளயே டாக்டர் இருக்காருண்ணே."

"டாக்டரு ஊசி போடுவாரு. கஞ்சி யாரு வச்சுக் குடுப்பா?"

தேவிகாவுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. அந்த மனிதர் முரண்டு பிடிக்கவில்லை. முரண்டாக இருந்தால் வாதாடி ஜெயிக்கலாம். அவர் கலங்கிப்போயிருந்தார். இத்தனை வருஷம் எந்தப் பிள்ளை வாயிலும் வரக்கூடாது என்று அவள் தடுத்து வைத்திருந்த வார்த்தை, அவள் வாயிலிருந்தே வந்தது.

"எங்க சித்தப்பா அங்க இருக்காருண்ணே. பாப்பா காலேஜுக்கு ரெண்டு மணி நேரம், கார்ல."

வெள்ளைத்துரை அப்போதுதான் உட்கார்ந்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? அவரு போன்ல ஒரு வார்த்தை சொல்லட்டும், நம்ம பிள்ளை கணக்காப் பாத்துக்கிறேன்னு. நாளைக்கே பெட்டி கட்டுறேன்."

அன்று சாயங்காலமே தேவிகா டெலிபோன் பூத்துக்குப் போய்ச் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். விஷயம் முழுவதையும் கோகுல்நாத் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உனக்காக அன்னைக்கு ஒரு ரூமை ஒழிச்சு வச்சிருந்தோம் தேவிகா" என்றார். "உன் சித்தி ஜன்னலுக்குத் திரையெல்லாம் தச்சு மாட்டினா. அதுக்கப்புறம் உங்கப்பா என்னைப் பத்தி என்னென்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் என் தலையிலதான் விடியும். நான் வேண்டாம்மா. நல்ல பேரு உள்ள ஆளாப் பாரு."

"அப்பா சொன்னது தப்பு சித்தப்பா. நான் மன்னிப்புக் கேக்குறேன்."

"நீ எதுக்கும்மா கேக்கணும்" என்று சொல்லி, அவர் மெதுவாகப் போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் நின்றாள். ஒரே ஒரு தடவை தம்பியிடம் பேசுங்கள், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு பெண்ணின் படிப்பு அதில் இருக்கிறது என்றாள். சௌரிராஜன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நான் மூத்தவன். வேணும்னா அவன் பேசட்டும்" என்றார்.

மறுநாளும் கேட்டாள், அழுதும் கேட்டாள். அவர் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

வாடிப்பட்டிக்குப் போய், சித்தப்பாவிடம் சரியாகப் பேச முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் பொய் சொல்ல வரவில்லை. வெள்ளைத்துரை அவளைக் குறை சொல்லவில்லை. நீங்க என்ன செய்வீங்க டீச்சர், பாப்பாவை மதுரையிலேயே சேர்த்துவிடுறேன், தினமும் வீட்டுக்கு வந்துரும் என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்.

பஸ் ஏற்றிவிட முனீஸ்வரி கூட வந்தாள். அழுது முடித்த முகமாக இருந்தது. என்ன ஆறுதல் சொல்வது என்று தேவிகா வழியெல்லாம் தேடிக்கொண்டு வந்தாள். நிறுத்தத்தில் நின்றபோது முனீஸ்வரிதான் பேசினாள்.

"அன்னைக்கு உங்களுக்கு விசா கிடைச்சிருந்தா, இன்னைக்கு நீங்க அங்கதான இருந்திருப்பீங்க?"

"ஆமா. இருந்திருப்பேன்."

"எங்கப்பா என்னைய அனுப்பியிருப்பாருக்கா."

குறையாக அவள் சொல்லவில்லை. யோசித்துக் கண்டுபிடித்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். அந்த ஜன்னலில் போனது தன் ஒருத்தியின் வாழ்க்கை மட்டும்தான் என்று தேவிகா ஏழு வருஷமாக நினைத்திருந்தாள்.