தெயோவின் கையில் ஐந்து விரல்

தெயோவைப் பெண்டாட்டி போட்டு அடிக்கிறாள் என்பது கடலோர ஊரான அகுவாதியாவில் அவர்கள் தெரு முழுக்கத் தெரிந்த செய்தி. அடிப்பதாகச் சொல்லப்பட்ட சொரைதாவுக்கு மட்டும் தெரியாது.

தெயோ ஆறடி ஆள். பிறந்ததிலிருந்தே முடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை. அந்தப் பக்கத்தில் அப்படிப் பிறக்கிறவர்கள் உண்டு, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்வையும் மங்கல். நாற்காலியோ கதவோ லேசாக இடித்தாலே போதும், உடம்பு கத்தரிக்காய் நிறத்தில் கன்றிவிடும். சொரைதா அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஆனால் குரல் கடற்கரை வரை கேட்கும். அந்தக் குரலையும் இந்தக் காயத்தையும் சேர்த்து ஊர் முடிவு கட்டிவிட்டது.

தெயோ அதை மறுக்கவில்லை. அயோக்கியத்தனம்தான், வேறென்ன சொல்ல? "பாவம்டா தம்பி, இன்னிக்கு எதால அடிச்சா?" என்று கோயில் சமையலறையைப் பார்த்துக்கொள்கிற பிருதென்சியா அக்கா கேட்டால் ஒரு பெருமூச்சு விடுவான். உடனே காப்பி வரும், கூடவே தேங்காய்ப்பால் இனிப்பும் வரும்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. அரைத்த வாழைக்காய் மாவை இலையில் பரப்பி, நடுவே பன்றிக்கறி வைத்து, மடித்து நூலால் கட்டி வேகவைக்கிற பாஸ்தேலில் சொரைதாவை மிஞ்ச ஆளில்லை. வருஷா வருஷம் கோயில் சமையலறையில் அந்த வேலை அவளுடையது. இந்த வருஷம் பிருதென்சியா அக்கா அவளை நிறுத்திவிட்டாள். புருஷனை அடிக்கிற கை சாமி வீட்டு மாவைத் தொடக்கூடாதாம்.

சொரைதா வாழையிலைக் கட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அத்தனை பெரிய குரல்காரி சத்தமே இல்லாமல் அழுதாள். தெயோ அதைப் பார்த்தான். நேராகக் கோயிலுக்கு ஓடினான்.

"அக்கா, அவ அடிக்கல. என் ரத்தமே அப்படி. ரத்தத்தை நிறுத்துற பிளேட்லெட் எலும்பு மஜ்ஜையிலதான் பொறக்குதாம். அங்கயே அதுக்குள்ள குட்டிக் குட்டிப் பையா உருவாகும். பை முத்த முத்த சரக்கு ஏறணும். அடிபட்ட எடத்துல அதைக் கொட்டினாத்தான் மத்த பிளேட்லெட்டெல்லாம் ஓடிவந்து அடைக்கும். எனக்கு அந்தப் பை ஒழுங்கா உருவாகறதில்ல, சரக்கும் ஏறறதில்ல. கறி வைக்காமக் கட்டின பாஸ்தேல்னு வெச்சுக்கோங்க. எண்ணினா சரியா இருக்கும், பிரிச்சாத்தான் வண்டவாளம் தெரியும். முடிக்கு நிறம் குடுக்கிற பையும் இதே ஜாதிதானாம், அதான் வெள்ளை. டாக்டர் சொன்னாரு."

"அடப்பாவமே! என்ன பேசணும்னுகூட அடிச்சு மனப்பாடம் பண்ண வெச்சிருக்காளே!" என்று அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். சமையலறையில் இருந்த அத்தனை பெண்களும் கூடவே மூக்கைச் சிந்தினார்கள்.

மறுநாள் ஞாயிறு. சட்டை மாற்றும்போது சொரைதா பார்த்துவிட்டாள். "யோவ், எவ கைய்யா இது?" தெயோவின் கையில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன. நடுவிரலில், உள்பக்கம் திரும்பிக்கிடந்த சதுரக்கல் மோதிரத்தின் தடம் வேறு. தெயோ விழுந்து விழுந்து சிரித்தான். அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளோடு பூசைக்குப் போனான்.

பூசை முடிந்து வாசலில் கையை நீட்டிக் காட்டினான். பெண்கள் தடத்தைப் பார்த்தார்கள். பிறகு பிருதென்சியா அக்காவின் சதுரக்கல் மோதிரத்தைப் பார்த்தார்கள்.

"நான் அடிக்கலடி! ஆறுதலுக்குத் தொட்டேன், அவ்வளவுதான்!" என்று அலறினாள் அக்கா.

"நானும் அவ்வளவுதான் தொட்டேன்" என்றாள் சொரைதா.

அக்கா சமையலறைச் சாவியை அவள் கையில் வைத்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. "எத்தனை தடவ கேட்டிருப்பேன்! உன் புருஷன் ஒரு நாளாவது இல்லேன்னானா? இனிப்பைத்தானே வழிச்சு வழிச்சுத் தின்னான்?"

சொரைதா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

கிறிஸ்துமஸ் விருந்தில் ஊரே அவள் பாஸ்தேலைப் புகழ்ந்தது. தெயோவின் தட்டில் தன் கையாலேயே ஒன்று வைத்தாள். ஆசையாக நூலை அவிழ்த்து, இலையைப் பிரித்து, நடுவில் குத்திப் பார்த்தான். வெறும் மாவு. கறி ஒரு துண்டுகூட இல்லை.

"அங்க வாயைத் திறக்காமத் தின்னியே, இதையும் அப்படியே தின்னு" என்றாள்.

தெயோ வாயைத் திறக்காமல் தின்றான்.