சிம்னிக்குள் ஒரு செடிப்பேன்

மணமாகி ஏழாண்டுகள் கடந்தும் எனக்குப் பிள்ளை இல்லை. வண்ணார்பேட்டை வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தலுக்குச் சாம்பல் தூவும் வேலையை என் மாமியார் எனக்கே ஒதுக்கியிருந்தார். பெறாதவள் கை பட்டால், இலைச்சாறு உறிஞ்சும் செடிப்பேன் பெருகாது என்பது அவ்வீட்டார் நம்பிக்கை. விதை ஊன்ற மட்டும் என்னை விடமாட்டார். தை பிறந்ததும் என் கணவர் ஏரலுக்குச் சென்று, இரண்டாம் தாரமாக ஒரு பெண்ணைப் பார்ப்பதென்று பேசியிருந்தார்கள்.

அந்த மார்கழியில் நான் தூவத் தூவப் பேன் பெருகியது.

"ஏட்டி, ஒன் கையில அதுவளுக்குத் தொட்டிலா கட்டியிருக்கு?" என்று அடுத்த வீட்டு மதினி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு சுட்டது. அப்போதுதான் பிறந்த குஞ்சு ஒன்றைத் தளிரோடு கிள்ளி, தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, விளக்குச் சிம்னியால் மூடி, மேல்வாயில் மல் துணி கட்டினேன். துணையின்றி அது எப்படிப் பெருகும்? மதினியின் வாயை அடைத்துவிடலாம் என்று எண்ணினேன்.

பத்தாம் நாள் அதைச் சுற்றி ஆறு குஞ்சுகள். ஏழாவது என் கண்ணெதிரே பின்புறமாக வெளிவந்து காலை உதறியது.

பள்ளி ஆசிரியரான என் கணவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இதற்கு ஆண் வேண்டியதில்லை. தாய் தன்னையே திரும்பப் பெறுகிறது. எல்லாம் ஒரே வார்ப்பு, ஒன்றைக் கொல்லும் நோய்க்கு மற்றொன்று தப்புவது அரிது" என்றார்.

சில நாளில் சிம்னி நிறைந்தது. மாமியார் குனிந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"ஆம்பளையே இல்லாமலா? இவ கையில ஒண்ணு இத்தனை ஆயிருக்கே! அப்போ கொறை இவகிட்ட இல்ல. ஏலே, நீ ஏரலுக்குப் போவாண்டாம். அங்கன உள்ளவளும் பெறலேன்னா ஊரு ஒன்னயத்தான் கேக்கும்."

என் கணவரின் முகம் வெளுத்தது. எவர் கையிலும் அது பெற்றிருக்கும் என்பதை அவர் அறிவார். மறுக்க ஒரு வாக்கியம் போதும். என்னைப் பார்த்தார், சொல்லவில்லை. இன்றும் அவரை நினைக்கையில் அந்த மௌனமே முதலில் வருகிறது.

சம்பந்தம் வேண்டாமென்று ஏரலுக்குச் சேதி சொல்ல ஆள் புறப்படுவதற்கு முன்பே, ஒரு பனிக்காலையில் சிம்னிக்குள் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. தாயும் மக்களும் பேத்திகளுமாக ஒன்றும் மிச்சமில்லை. மாமியார் இதைக் கண்டால் மறுபடி ஏரல் பேச்சு எழும். உள்ளே அவர் பாயைச் சுருட்டும் ஓசை கேட்டது.

கிண்ணத்தைக் கவிழ்த்து, சிம்னியையும் சேர்த்துக் கழுவினேன். பந்தலுக்கு ஓடி, பேன் அடர்ந்த ஒரு தளிரைக் கிள்ளி வந்து சிம்னிக்குள் வைத்தேன். எனக்கே வேற்றுமை தெரியவில்லை.