பெனோனி என்றொரு பெயர்

கொக்கிளாயில் எங்கள் வளவு முழுவதும் இறால் காயும் வாடை நிற்கும் சோளகக் காற்று வீசும் காலமொன்றில் தம்பி பிறந்தான். அம்மா இறந்ததும் அன்று காலைதான். எனக்கு எட்டு வயது.

பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. பங்குச் சுவாமியார் முல்லைத்தீவிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார் என்பதால், சாகக் கிடக்கும் குழந்தைக்கு யாரும் தண்ணீர் வார்த்துப் பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது ஊரில் சிறுவர்க்கும் தெரியும். "அவசரத் தண்ணி" என்பார்கள். மருத்துவிச்சி திரேசாக்கா கிண்ணத்தோடு குனிந்து, "கெதியாய் ஒரு பேர் சொல்லு பிள்ளை" என்று மூச்சு வாங்கக் கிடந்த அம்மாவைக் கேட்டார். அம்மா "பெனோனி" என்றார். கோயிலில் கும்பிடும் யாரோ ஓர் அர்ச்சிஷ்டவரின் பெயராக்கும் என்று எண்ணித் திரேசாக்கா தண்ணீரை வார்த்தார். பிள்ளை பிழைத்தது.

அடுத்த பூசைக்கு வந்த சுவாமியார் பெயரை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அது எபிரேயப் பெயர் என்றும், "என் துயரத்தின் மகன்" என்பது பொருள் என்றும், வேதாகமத்தில் யாக்கோபின் மனைவி ராகேல் வழிப்பயணத்தில் பிள்ளை பெற்று உயிர் போகும் நேரத்தில் வைத்தது என்றும், மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த அம்மா அதை அறிந்தே சொல்லியிருக்க வேண்டும் என்றும் பிறகு சொன்னார். யாக்கோபு அதை மாற்றிப் பெஞ்சமின், வலக்கையின் மகன், என்று அழைத்ததையும் அவரே சொன்னார்.

"அப்ப நானும் மாத்துறன், சுவாமி," என்றார் அப்பா. "அவள் வைச்சிட்டுப் போட்டாள். கூப்பிடுறது நானல்லோ."

"தண்ணி வாத்தாச்சு, இன்னொருக்கா வாக்க ஏலாது. வீட்டிலை விரும்பினபடி கூப்பிடும். கோயிலிலை அவன் பெனோனிதான்."

அதன்பின் வீட்டில் அந்தப் பெயரை நாங்கள் சொல்லவில்லை. பெஞ்சமின் வளர்ந்தான், களப்பில் நீந்தப் பழகினான், அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவன் இல்லாத நேரம் பார்த்துத் திரேசாக்கா மட்டும் வேலியடியில் நின்று அப்பாவை, "எட மரியான், நான் வாத்த பேர் உனக்குக் கைக்குதோ?" என்று சீண்டுவார். அப்பா வலையிலிருந்து தலையை நிமிர்த்தமாட்டார்.

பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் முதல் நன்மை ஞாயிறன்று சுவாமியார் அவர்களை ஞானஸ்நானப் பெயர் சொல்லிப் பீடத்தடிக்கு அழைத்தார். "பெனோனி" என்றபோது ஒருவரும் எழவில்லை. மறுபடி அழைத்தார். வெள்ளைக் காற்சட்டையோடு முன்னால் இருந்த தம்பி, அது யாரென்று பார்க்கத் திரும்பினான். அப்பா எழுந்துபோய் அவன் தோளில் கை வைத்தார்.

"எழும்படா. அது நீதான்."

"நான் பெஞ்சமின், அப்பா."

"ஓம். கொம்மா கூப்பிடுறா. போ."

அவன் போனான். அப்பா அழவில்லை, நானும் அழவில்லை.

அந்த வளவும் திரேசாக்காவின் வேலியும் இன்று இல்லை. தம்பி வாழும் குளிர்நாட்டில் எல்லோருக்கும் அவன் பெஞ்சமின். போன கிழமை தொலைபேசியில், புதிதாய்ப் பிறந்த தன் பேத்திக்குப் பெயர் தேடுகிற பேச்சினிடையே, "அக்கா, அந்தப் பேருக்கு என்ன கருத்து?" என்று முதல்முறையாகக் கேட்டான். சொன்னேன்.

"ஒருக்காக் கூப்பிடுங்கோ," என்றான்.

கூப்பிட்டேன்.

"ஓம்," என்றான்.