ஹெட்போன் போட்டும் போகாத எக்கோ

“அண்ணே, என் குரலே என்னையக் கேலி பண்ற மாதிரி திரும்பி வருது. என்னால பேச முடியாது, விட்டுருங்க.”

செல்வநாயகி கதிரையை விட்டு எழுந்துவிட்டார். நேர்காணல் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அம்பிட்டியவில் பாடசாலை வேன் ஓட்டுபவர் அவர். கண்டியின் காலை நெரிசலில் பஸ்காரர்களுக்கே அசராதவர், கமெராவுக்குப் பயந்து மூன்று முறை மறுத்திருந்தார். கொழும்பிலிருந்து ஷர்மினி என்ற பெண் வீடியோ கோலில் கேள்வி கேட்பார். இந்தப் பக்கம் லெப்டொப்பை வைத்துப் பதிவு செய்வது என் வேலை. பல வருடம் சவுண்ட் வேலை பார்த்த திமிர் எனக்கு.

“ரூம் எக்கோதான். டைல்ஸ் தரை, வெறும் சுவர். இருங்க, சரி பண்ணிடலாம்” என்றேன்.

அலுமாரியிலிருந்த பெட்ஷீட் எல்லாம் வெளியே வந்தன. தரையில் இரண்டு, ஜன்னலில் ஒன்று, சுவரில் ஒன்று. ஹோலில் நடக்க இடமில்லை. எக்கோ மட்டும் அப்படியே இருந்தது.

அதன் பிறகுதான் ஒழுங்காகக் காது கொடுத்தேன். அறையின் எக்கோ சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். இது சொல் முடிந்து, சற்றுப் பிந்தித் தனியாக வந்தது. கோலுக்குள் போன சத்தம்தான் சுற்றி வருகிறது. லெப்டொப் ஸ்பீக்கர் காரணமாக இருக்கலாம் என்று அவருக்கு ஹெட்போன் மாட்டினேன். அப்படியும் போகவில்லை.

“அண்ணா, என் குரலும் எனக்கே திரும்பி வருது. உங்க பக்கந்தான் ஏதோ இருக்கு” என்றார் ஷர்மினி.

பதிவைக் கவனிக்க நான் போட்டிருந்த ஹெட்போனைக் கழற்றினேன். ஷர்மினியின் குரல், சமையல் நடக்கும் குசினிக்குள்ளிருந்து கேட்டது!

கதவுக்குப் பின்னால் செல்வநாயகியின் கணவர் முருகையா, போனும் கையுமாக நின்றார். செல்வநாயகிக்கு வந்த லிங்கை வைத்து மகள் திறந்து கொடுத்த அதே கோலில் நுழைந்து, சத்தத்தை முழுதாக வைத்திருந்தார். மைக்கும் திறந்தே இருந்தது. கோலில் இருப்பவர்களின் பட்டியலில் மூன்றாவது பெயர் ஒன்றைப் பார்த்தும், கொழும்பு ஆள் என்று நான்தான் விட்டிருந்தேன்.

“உள்ள வந்து ஒக்காந்தே பாக்கலாமே?” என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “காலைல ‘ஒன் பேட்டிய எவன் பாக்கப் போறான்’னு சொல்லிட்டேன் அண்ணே. இப்ப எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் போறது?”

மைக் இன்னும் திறந்திருந்தது. அவர் சொன்னது ஹெட்போன் வழியாக நேரே மனைவியின் காதுக்குப் போய்விட்டது. ஹோலிலிருந்து பெரிய சிரிப்பு.

“நீங்கதான் பாக்குறீங்களே! அந்தப் போன அணைச்சிட்டு இங்க வாங்க!”

முருகையா என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். செல்வநாயகி கமெராவை மறந்து அவருக்கே கதை சொல்வது போல முக்கால் மணி நேரம் பேசினார். முதன்முதல் ஸ்டியரிங் பிடித்த நாளில் பயந்து போனதைச் சொன்னபோது, முருகையா தலை குனிந்துகொண்டார். “எங்கிட்ட சொல்லவே இல்லியே” என்று மெல்ல முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பும் பதிவில் இருக்கிறது, நான் வெட்டவில்லை.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். எக்கோ சொல்லோடு ஒட்டி வந்தால் அறையைப் பாருங்கள். பிந்தி வந்தால், அதே கோலில் இருக்கும் இன்னொரு போனைத் தேடுங்கள். நான் இப்போதெல்லாம் வயரை எடுக்கும் முன்பே, வீட்டில் கேட்க ஆசையாக இருப்பவர்கள் யார் யார் என்று விசாரித்து, கமெராவுக்குப் பின்னால் அவர்களுக்கும் இடம் போட்டுவிடுகிறேன். ‘எனக்கு வேணாம்’ என்று முதலில் சொல்பவருக்குத்தான் முதல் இடம்.